ஒரே பாளை, இரு முட்டிகள்: மன்னார்ப் பனையும் ஸ்பெயினின் ஷெரியும்

பனையிலிருந்து இறக்கப்படும் சாறு எந்த மணித்தியாலத்தில் கள்ளாகின்றது? மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இது வெறும் இரசாயனக் கேள்வி அல்ல. தமது காணியில் நிற்கும் பனைகளை அயற்கிராமத்துச் சீவல் தொழிலாளி ஒருவருக்குக் குத்தகைக்கு விடலாமா? வீதியோரத்தில் விற்கப்படும் கருப்பநீரை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? விருந்துச் சவனில் வைக்கப்படும் அச்சாற்றின் வினாகிரி எதிலிருந்து வந்தது? இக்கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்த ஒரு கேள்விதான். தமிழ் அயலவருக்கும் இது புறம்பானதன்று. ஏனெனில், மரத்தில் ஏறுபவர் அவர். அவரது ஒரு நாள் உழைப்பு எந்தப் பெயரில் சந்தைக்குப் போகின்றது என்பதும் இதே மணித்தியாலத்தில்தான் தீர்மானமாகின்றது.

இக்கேள்வி மன்னாருக்கு மட்டும் உரியதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரமொன்றில் திராட்சையை முன்வைத்து இதே கேள்வி எழுந்தது. அந்நகரத்தின் பெயர் ஷரீஷ். இன்று அதனை ஹெரேஸ் என்கிறார்கள். உலகெங்கும் 'ஷெரி' என்ற பெயரில் விற்பனையாகும் உலர்சுவை வெள்ளை மதுவுக்குப் பெயர் கொடுத்தது அந்த அரபுச் சொல்லே. மதுவை விலக்கிய ஒரு சமூகத்தின் மொழி உலகின் புகழ்பெற்ற மதுவொன்றுக்குப் பெயராகி நிற்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆனால் அவ்வூரின் பெயரால் அறியப்பட்டவர்களுள், ஹரீரியின் 'மகாமாத்' என்னும் அரபு இலக்கியத்துக்கு விரிவான உரை எழுதி 1222 ஆம் ஆண்டு மறைந்த அஹ்மத் அஷ்-ஷரீஷி என்ற அறிஞரும் ஒருவர் என்பதை மதுவைப் பற்றி எழுதுபவர்கள் அபூர்வமாகவே குறிப்பிடுவார்கள்.

966 ஆம் ஆண்டளவில் குர்துபாவின் கலீபா இரண்டாம் அல்-ஹகம் திராட்சைக் கொடிகளைப் பிடுங்குமாறு ஆணையிட்டதாகவும், தாம் பயிரிடுவது உலர்ந்த திராட்சைக்காகவே, அது படையினருக்கு உணவாகின்றது என்று ஷரீஷ் மக்கள் வாதாடியதாகவும், அதனால் கொடிகளில் மூன்றிலொரு பங்கு மட்டுமே அழிக்கப்பட்டதாகவும் ஹெரேஸ் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகின்றது. இச்செய்தியில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பதைப் பிரித்தெடுப்பது இங்கு எமது நோக்கமன்று. அதன் உள்ளே இருக்கும் வாதத்தைக் கவனியுங்கள். கொடி குற்றவாளி அல்ல. பழமும் குற்றவாளி அல்ல. அதனை என்ன செய்கிறோம் என்பதே வினா. பனையின் பாளைக்கும் இதே வழக்குத்தான்.

ஷெரி எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது பயனுடையது. அதை அருந்துவதற்காக அல்ல. நம் முற்றத்துப் பனையில் நடப்பதை விளங்கிக்கொள்வதற்காகவே. ஹெரேஸ் பகுதியின் நிலம் சுண்ணாம்பு மிகுந்த வெண்மண். மழைக்காலத்து நீரைக் கோடைவரை அடக்கிவைத்திருக்கும் இயல்பு அதற்குண்டு. அங்கே பலோமினோ என்னும் வெண்திராட்சை விளைகின்றது. பழத்தைப் பிழிந்த சாற்றில் உள்ள சீனி முழுவதையும் நொதியம் தின்று தீர்த்தபின் கிடைப்பது, நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு பங்கு மதுசாரம் கொண்ட, இனிப்பே இல்லாத வெள்ளை மது. 'உலர்ந்த' மது என்று அவர்கள் சொல்வது இந்த இனிப்பின்மையையே. வழமையான முறையில் இதனுடன் வடித்த மதுசாரத்தைச் சேர்த்து 15 பங்கு ஆக்கி, பீப்பாயை வாய்வரை நிரப்பாமல் இடைவெளி விட்டு வைப்பார்கள். அப்போது மேற்பரப்பில் வெண்ணிற ஆடை ஒன்று படர்கின்றது. 'ஃப்ளோர்', அதாவது பூ, என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். அது ஒரு வகை நொதியத்தின் திரள். காற்று மதுவைத் தீண்டாமல் அது மூடிக்கொள்கின்றது; எஞ்சியிருக்கும் இனிப்பையும் தின்றுவிடுகின்றது. மதுசாரம் 17 பங்கை எட்டினால் அந்த ஆடை மடிந்துபோக, மது காற்றுப்பட்டுக் கருமையடைந்து வேறொரு வகையாகிவிடும். வாதி அல்-கபீர், அதாவது 'பெரிய ஆறு', என அரபிகள் பெயரிட்ட குவாதல்கிவிர் நதி கடலில் கலக்கும் சன்லூக்கார் என்ற ஊரில் கடற்காற்றின் ஈரத்தால் இந்த ஆடை தடித்து வளர்கின்றது. அங்கு முதிரும் மதுவுக்கே 'மன்சனில்லா' என்ற பெயரை இடலாம். உள்நாட்டில் குர்துபாவை அண்டிய மொண்டில்லாவில் வெயில் கடுமை. அங்கு விளையும் பேதுரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையில் சீனி மிகுதி என்பதால், வெளியிலிருந்து மதுசாரம் சேர்க்காமலேயே 15 பங்கை எட்டிவிடுகின்றது.

இதில் நாம் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுதான். சீனி உள்ள எந்தச் சாறும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது பயணம் செய்துகொண்டே இருக்கின்றது. இனிப்பிலிருந்து மதுவுக்கு, மதுவிலிருந்து, காற்றுப்பட விட்டால், புளிப்புக்கு, அதாவது வினாகிரிக்கு. ஹெரேஸ்காரர்கள் அப்பயணத்தை நடுவழியில், மதுவிலேயே, பல ஆண்டுகள் நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டார்கள். மன்னார், யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளர்களோ அதனைத் தொடக்கத்திலேயே, இனிப்பில், நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டில் எது அரிய வித்தை என்று எம்மைக் கேட்டால் பின்னதையே சொல்வோம். ஏனெனில், வெப்ப வலயத்துப் பனஞ்சாறு திராட்சைச் சாற்றைவிடப் பன்மடங்கு அவசரக்காரன்.

தை பிறந்தபின் பனைகள் பாளை விடத் தொடங்குகின்றன. ஆண்பனையிலும் பெண்பனையிலும் சாறு இறக்கலாம். பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார் தொழிலாளி. சீவிய வாயிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு பங்கு சீனி உண்டு. புளிப்போ காரமோ இல்லாத நடுநிலையான நீர் அது. நுண்ணுயிர்களுக்கு இதைவிட வாய்ப்பான விருந்து வேறில்லை. காற்றிலும் பூச்சிகளின் காலிலும் முட்டியின் உட்சுவரிலும் இருந்து வரும் நொதியங்களும் பற்றீரியாக்களும் சாறு சொட்டிக்கொண்டிருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மாலையில் கட்டிய வெறும் முட்டியை விடியலில் இறக்கும்போதே அதில் நுரை கட்டியிருக்கும். ஒரு நாள் ஆவதற்குள் அது நூற்றுக்கு ஐந்து பங்களவு மதுசாரம் கொண்ட கள். மறுநாள் புளிப்பு ஏறி, சில நாட்களில் குடிக்க முடியாத காடியாகின்றது. ஹெரேஸின் பீப்பாயில் பல ஆண்டுகள் எடுக்கும் கதை இங்கு ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றது.

அந்த முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பைப் பூசிக் கட்டினால் கதையே வேறு. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையுள்ளதாக்கிவிடுகின்றது. அந்தக் காரத்தில் நொதியமும் பற்றீரியாவும் பெருக மாட்டா. சீனியை உடைக்கும் நொதிப்பொருளும் செயலற்றுப்போகின்றது. விளைவாகக் கிடைப்பது கருப்பநீர். தமிழகத்தார் இதனைப் பதநீர் என்பர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கத்தி. முட்டிக்குள் ஒரு விரற்கடை சுண்ணாம்பு இருந்ததா இல்லையா என்பதே கருப்பநீருக்கும் கள்ளுக்கும் இடையிலான எல்லைக்கோடு. நமது நாட்டின் சட்டமும் இக்கோட்டை அறியும். கள் இறக்குவதும் விற்பதும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்படுகின்றன. தென்னிலங்கையில் கித்துள் மரத்தில் இதே நோக்கத்துக்காகச் சுண்ணாம்புக்குப் பதிலாக 'ஹல்' என்னும் மரத்தின் பட்டையை முட்டிக்குள் இடுவார்கள். பெருநாள் வட்டிலப்பத்தில் கரையும் கித்துள் கருப்பட்டி, எங்கோ ஒரு மலையோரத்தில் யாரோ ஒரு சிங்களத் தொழிலாளி முட்டிக்குள் பட்டையை மறவாமல் இட்டதன் பயன் என்பதை எத்தனை பேர் எண்ணிப்பார்க்கிறோம்?

இஸ்லாமிய மார்க்கத்தில் மதுவிலக்கு ஒரே நாளில் வந்ததன்று. மதுவில் பயனும் தீங்கும் உண்டு, தீங்கே பெரிது என்பது முதலிலும், போதையுடன் தொழுகையை நெருங்கவேண்டாம் என்பது அடுத்தும், முற்றான தடை இறுதியிலுமாக அல்குர்ஆன் படிப்படியாகவே அதனை விதித்தது. பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதர் போதைதருவதையும் பெறுகின்றனர், நல்ல உணவையும் பெறுகின்றனர் என்ற கருத்தும் அல்குர்ஆனின் 16 ஆவது அத்தியாயத்தில் உண்டு. பனைக்கும் தென்னைக்கும் பொருந்திவரும் கருத்து அது. போதை தருவது எதுவாயினும், எந்தப் பழத்திலிருந்து, எந்த மரத்திலிருந்து வந்தாலும் அது மதுவே. அதிகம் போதை தந்தால் அதில் சிறிதும் விலக்கப்பட்டதே என்பது நபிமொழிகளிலிருந்து மார்க்க அறிஞர்கள் பெற்ற விதி. ஆகவே கள் திராட்சை மதுவல்ல, அதில் மதுசாரம் குறைவு என்ற வாதத்துக்கு இடமில்லை.

அதேவேளை, இனிப்பு நீரை இம்மார்க்கம் ஒருபோதும் வெறுத்ததில்லை. பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் ஊறவைத்த பானம் நபி (ஸல்) அவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. மூன்றாம் நாள் மாலைக்கு மேல் அதனை அவர்கள் அருந்தவில்லை என ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குளிரூட்டி இல்லாத காலத்தில் இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறென்ன இருக்க முடியும்? இன்னுமொரு செய்தி எம்மை வியக்கவைப்பது. அப்துல் கைஸ் கோத்திரத்தின் தூதுக்குழு வந்தபோது, சுரைக்குடுவை, மெருகிட்ட சாடி, கீல் பூசிய பாத்திரம், குடைந்த ஈச்சமரக் குற்றி ஆகியவற்றில் பானம் ஊறவைப்பது அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. பின்னாளில், போதை தருவதைத் தவிர்த்துக்கொண்டால் எந்தப் பாத்திரமும் ஆகலாம் என்று அத்தடை தளர்த்தப்பட்டது. பாத்திரத்தை ஏன் தடுக்கவேண்டும் என்று கேட்பவர், பழைய கள்ளு முட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் போதும். அதன் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் நொதியம் புதுச்சாற்றை விரைந்து புளிக்கவைக்கும் என்பதைச் சீவல் தொழிலாளி எவரும் அறிவார். நொதித்தல் உயிர்களின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1850களிலும் 1860களிலும் ஆய்வுகூடத்தில் காட்டினார்; பாத்திரத்தில் சூட்சுமம் இருக்கின்றது என்பதை அனுபவம் அதற்கு வெகுகாலம் முன்னரே சொல்லிவிட்டது.

சாற்றைக் காய்ச்சிவிடுவது இன்னொரு வழி. உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது, அங்குள்ள மக்கள் திராட்சைச் சாற்றை மூன்றில் இரு பங்கு வற்றும்வரை காய்ச்சிய பாகினைக் கொண்டுவந்து காட்ட, விரலை இட்டு அதன் தடிப்பைப் பார்த்து அனுமதி அளித்ததாக இமாம் மாலிக்கின் முவத்தா கூறுகின்றது. அத்தகைய பாகுக்கு அரபு மொழியில் 'ருப்' என்று பெயர். ஸ்பெயினில் அச்சொல் 'அர்ரோப்பே' ஆகி இன்றும் வழங்குகின்றது. நமது சமையலறையில் அதற்கு நேரான பொருள் பனம்பாணி. இன்னும் காய்ச்சி வார்த்தால் பனங்கட்டி. நீண்டநாள் உறையவிட்டால் பனங்கற்கண்டு. ஷாமின் திராட்சைப் பாகும் மன்னாரின் பனம்பாணியும் ஒரே அறிவின் இரு பிள்ளைகள் எனலாம்.

இனி வினாகிரிக்கு வருவோம். இச்சொல்லே ஒரு வரலாறு. 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் 1658 வரை அங்கு ஆண்டனர். அலுமாரி, கதிரை, சப்பாத்து ஆகியவற்றோடு அவர்கள் மொழி நம்மிடம் விட்டுச்சென்ற சொற்களில் வினாகிரியும் ஒன்று. 'புளித்த வைன்' என்பதே அதன் மூலப்பொருள். ஆக, ஐபீரியத் தீபகற்பத்தின் மது நமது நாவில் இடம்பிடித்தது புளித்துப்போன வடிவில்தான். இலங்கையின் இயற்கை வினாகிரி பெரும்பாலும் தென்னங்கள்ளிலிருந்து செய்யப்படுவது. கடைகளில் விற்கப்படும் மலிவான வகையோ, செயற்கை அசற்றிக் அமிலத்தை நீரில் கலந்தது. அது கள்ளைக் கண்டதே இல்லை. இதனாலோ என்னவோ, சிலர் செயற்கையானதே 'சுத்தமானது' என்று எண்ணி வாங்குகிறார்கள். மார்க்க நூல்களைப் புரட்டினால் நிலைமை அவ்வளவு எளிதானதல்ல.

வினாகிரியை நல்ல தொடுகறி என நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். மது தானாகவே வினாகிரியாக மாறிவிட்டால் அது தூய்மையானது, உண்ணத்தக்கது என்பதில் அறிஞர்கள் உடன்படுகின்றனர். மனிதன் வேண்டுமென்று மாற்றினால் என்ன என்பதில்தான் கருத்துவேறுபாடு. மொண்டில்லாவின் கொடிகளுக்கு அண்மையில், குர்துபாவில் நீதிபதியாக இருந்தவரும் 1198 இல் மறைந்தவருமான இப்னு ருஷ்த், தமது 'பிதாயதுல் முஜ்தஹித்' நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துப் பேசுகின்றார்: தடை, வெறுப்பு, அனுமதி என மூன்று நிலைப்பாடுகள். ஹனபி மத்ஹப் அனுமதிக்கின்றது. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு நுணுக்கமானது. வெளிப்பொருள் எதனையும் இடாமல் தானாக மாறினால் ஆகும். வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் பாத்திரத்தை நகர்த்தியதால் மாறினாலும் ஆகும். உப்போ வெங்காயமோ வேறெதுவோ இட்டு மாற்றினால் ஆகாது. நமது அரபுக் கல்லூரிகளில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் 'பத்ஹுல் முஈன்' நூலும் இதையே கூறுகின்றது. அதை எழுதிய ஸைனுத்தீன் மக்தூம், 16 ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் வாழ்ந்தவர். தென்னங்கள் ஊறும் நாட்டில் இருந்து எழுதியவர். ஆகவே இது அரேபியப் பாலைவனத்து ஏட்டுச்சுரைக்காய் அல்ல.

இங்கேதான் நுகர்வோர் கேட்கவேண்டிய கேள்வி பிறக்கின்றது. வாய் திறந்த மரப்பீப்பாயில் கள்ளை வார்த்து மாதக்கணக்கில் விட்டுவைத்துத் தானாகப் புளிக்கச் செய்யும் பழைய முறை ஒன்று. விரைவாக உற்பத்தி செய்வதற்காக, முன்னரே புளித்த வினாகிரியை ஊட்டமாகச் சேர்த்துக் காற்றைச் செலுத்தும் தொழிற்சாலை முறை மற்றொன்று. போத்தலில் எழுதப்பட்டிருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. பொருளின் தன்மை முற்றாக மாறிவிட்டபின் முறை பொருட்டல்ல எனக் கருதும் அறிஞர்கள் இக்காலத்தில் பலர் உள்ளனர்; முறையை வலியுறுத்துவோரும் உள்ளனர். தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி. எமது கோரிக்கை அதனினும் எளியது: எம்முறையில் செய்யப்பட்டது என்பதைத் தயாரிப்பாளர் போத்தலில் எழுதட்டும். 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த கூச்சலையும், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்பொறுப்பிலிருந்து விலகியதையும், மறு ஆண்டிலிருந்து தனியொரு சபை அதனை ஏற்று நடத்தியதையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தச் சர்ச்சையில் இலச்சினையைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, இலச்சினைக்குப் பின்னால் உள்ள உற்பத்தி முறையைப் பற்றிப் பேசப்படவில்லை என்பது எமது கருத்து. ஹெரேஸ்காரர்கள் தமது மதுவுக்கு 1933 இலேயே ஊர்ப்பெயரின் பாதுகாப்பைச் சட்டத்தால் பெற்றுக்கொண்டார்கள். அவர்களது வினாகிரிக்கும் அப்பாதுகாப்பு உண்டு. எவ்வளவு காலம் மரத்தில் கிடந்திருக்கவேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். மன்னார்ப் பனங்கட்டிக்கு அத்தகைய ஒரு பெயர்ப்பாதுகாப்பை நாம் ஏன் கேட்கக்கூடாது?

எருக்கலை வளரும் மணற்பிட்டி என்ற பொருளைத் தரும் எருக்கலம்பிட்டி, மன்னார் நகருக்கு வடமேற்கே, தீவின் வடகரையோரமாக அமைந்த பழம்பெரும் முஸ்லிம் கிராமம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் மக்களும் நகைகளையும் பணத்தையும் பறிகொடுத்துப் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்தில் அவர்கள் குடியேறிய இடத்துக்கும் எருக்கலம்பிட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2002 யுத்த நிறுத்தத்தின் பின்னர் சிலரும், 2009 இல் யுத்தம் முடிந்தபின் மேலும் பலரும் திரும்பினர். திரும்பாதோரும் உளர். இந்த இடைவெளியில் அறுந்துபோனவற்றுள் ஒன்று, பனைக் காணிக்கு உரியவருக்கும் மரமேறுபவருக்கும் இடையே இருந்த வாய்மொழி ஒப்பந்தங்கள். இன்னாருடைய மரத்தில் இன்னார் சீவுவார், இந்த மரத்தில் கருப்பநீர் மட்டுமே இறக்குவார், பனங்கட்டியில் இவ்வளவு பங்கு தருவார் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தவை அல்ல. ஒருவரையொருவர் அறிந்திருந்ததில் இருந்தவை. ஒரு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்துவிட்டது. மரமேறுபவரின் மகனும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டான்.

ஆகவே திரும்பிவந்த குடும்பம் இன்று குத்தகை பற்றிப் பேசத் தொடங்கும்போது, பழைய நம்பிக்கைக்குப் பதிலாகப் புதிய ஐயங்களே முன்னிற்கின்றன. மது தயாரிப்பார் என்று அறிந்துகொண்டே ஒருவருக்குத் திராட்சையை விற்பது கூடாது, சந்தேகம் மட்டும் இருந்தால் அது வெறுக்கத்தக்கது என்பது ஷாபிஈ நூல்களின் நிலைப்பாடு. பனைக்கும் அதுவே பொருந்தும் என்று கொண்டால், காணிக்காரர் கேட்கவேண்டியது 'சீவுவீரா, மாட்டீரா' என்பதல்ல. 'எந்த முட்டி' என்பதே. இதனைக் கேட்காமலே மரத்தைச் சும்மா விட்டுவிடுவது பேணுதல் என்று எண்ணுவோர் உண்டு. அப்படி விடப்பட்ட பனையினால் யாருக்கும் ஒரு சதம் வருமானமில்லை. வருமானமில்லாத மரத்தை மணல் அகழவும் காணி துப்புரவாக்கவும் வருபவர்கள் எளிதில் சாய்த்துவிடுகிறார்கள்.

தமிழ்ச் சமூகத்திடமும் நாம் சொல்லவேண்டியது உண்டு. சீவல் தொழிலைச் சாதியின் கண்கொண்டு நோக்கிவந்த நூற்றாண்டுகளின் கறை இன்னும் முழுமையாக நீங்கவில்லை. முப்பது அடி உயரத்தில் கத்தியும் முட்டியுமாகத் தொங்கி நிற்கும் ஒருவரைக் கீழே நின்று 'கள்ளுக்காரன்' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். 1970களில் வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தபோது, தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழிலாளி விடுபட்டார். சேமிப்பும் ஓய்வுக்கால உதவியும் கண்டார். 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. இவை பெரும் சாதனைகளே. எனினும் இச்சங்கங்களின் பொருளாதாரம் கள் விற்பனையின் மேலும், விற்று மிஞ்சிய கள்ளைச் சாராயமாக வடிப்பதன் மேலுமே பெரிதும் ஊன்றி நின்றது. கருப்பநீர் எப்போதும் இளைய பிள்ளையாகவே நடத்தப்பட்டது. காரணம் ஒழுக்கமல்ல; கணக்கு. கள்ளை இறக்கினால் அப்படியே விற்கலாம். கருப்பநீரையோ அன்றே விற்கவேண்டும்; இல்லையேல் அன்றே காய்ச்சவேண்டும். பன்னிரண்டு பங்கு சீனி உள்ள சாற்றில் ஒரு கிலோ பனங்கட்டி எடுக்க எட்டு லீற்றரளவு வேண்டும். மீதி ஏழு லீற்றர் நீரை விறகெரித்து ஆவியாக்கவேண்டும். அந்த விறகையும், அடுப்படியில் நின்று துழாவும் பெண்ணின் நேரத்தையும் எவரும் விலையிற் சேர்ப்பதில்லை.

கருப்பநீர் வாங்குவோருக்கு ஒரு சில குறிப்புகள். சுண்ணாம்பிட்ட சாற்றில் நுரை பொங்காது; புளித்த மணம் வீசாது. நாவில் சுண்ணாம்பின் மெல்லிய துவர்ப்புத் தட்டுவது குறையல்ல, அதுவே சாட்சி. சுண்ணாம்பு மிகையானால் வாய் வெந்துபோகும்; அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுப்பார்கள். சுண்ணாம்பும் என்றென்றைக்கும் காவல் நிற்காது. தெளியவைத்த சாற்றை வெயிலில் மாலைவரை வைத்திருந்தால் நொதியம் மீண்டும் தலைதூக்கிவிடும். நண்பகலுக்குப் பின் விற்கப்படும் கருப்பநீரை, எவ்வளவு நேர்மையான மனிதர் விற்றாலும், ஒரு மிடறு சுவைத்துப் பார்த்தே வாங்கவேண்டும். குளிரூட்டிப் போத்தலில் அடைக்கும் வசதி இருந்தால் இந்த அவசரம் தணியும். அத்தகைய ஒரு சிறு நிலையம் எருக்கலம்பிட்டிக்கும் அயற்கிராமங்களுக்கும் பொதுவாக அமையுமானால், முதலீடு செய்ய முஸ்லிம் வர்த்தகரும் மரமேறத் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இடம்பெறுவார்கள். சீவல் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் வயது முதிர்ந்துவருகிறார்கள் என்பதால் இதற்கு அதிக அவகாசம் இல்லை.

தொழிலாளி ஒருவர் மாலையில் மரத்தடியில் நின்று, அன்றிரவு கட்டப்போகும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவதா விடுவதா என்று முடிவெடுக்கும்போது அவர் மனத்தில் ஓடுவது மார்க்கச் சட்டமுமல்ல, மதுவரிச் சட்டமுமல்ல. மறுநாள் காலை பத்து மணிக்குள் கருப்பநீரை வாங்கிக்கொள்ள யாராவது பாத்திரத்துடன் வருவார்களா என்பதே. தவறணைக்காரர் நிச்சயமாக வருவார்.